அயர்லாந்து: சினிமா வழியே ஒரு சரித்திரம்

அயர்லாந்து என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிக்கூட சரித்திரப் புத்தகத்தில் வந்த ஒரு வார்த்தைதான் ஞாபகம் வரும். ஹோம் ரூல். 1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட் ஆரம்பித்த இயக்கத்துக்கு அந்தப் பெயர் அயர்லாந்திலிருந்து வந்தது. கொஞ்சம் கூடப் படித்தவர்களுக்கு, நம் அரசியல் சாசனத்தின் வழிகாட்டு நெறிகள் 1937-ம் வருட ஐரிஷ் சாசனத்தைப் பார்த்து எழுதப்பட்டவை என்பதும் தெரிந்திருக்கும். அதோடு பாடம் முடிந்தது. மணி அடித்துவிடும்.

நான் அந்த நாட்டை ஓரளவு தெரிந்துகொண்டது சினிமா மூலமாகத்தான். சண்டிகரில் ஜனவரி மாத மூடுபனியில் வெளியே போய்ச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. ரஜாயைப் போர்த்திக்கொண்டு படம் பார்க்கலாம், அவ்வளவுதான். அப்படி வருஷக்கணக்கில் பார்த்த ஐரிஷ் படங்களை, வெளியான வரிசையில் அல்லாமல், கதை நடக்கும் காலத்தின் வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். பஞ்சம், விடுதலைப் போர், சகோதரச் சண்டை, பாதிரியார்களின் ஆட்சி, வடக்கின் ரத்தம் என்று ஒரு நாட்டின் கதை தானாகவே வந்து நின்றது. ஒன்று சொல்லிவிடுகிறேன். இவை படங்கள், பாடநூல்கள் அல்ல. எங்கே படம் நிஜத்திலிருந்து விலகுகிறதோ, அங்கே அதையும் சொல்லிக்கொண்டே போகிறேன். அது படம் பார்க்கும் சுவையைக் கெடுக்காது.

அடுத்தவர் எடுத்த அயர்லாந்து

டப்ளினின் முதல் நிரந்தர சினிமா அரங்குகளில் ஒன்றான வோல்டாவை 1909 டிசம்பரில் தொடங்கி நடத்தியவர் யார் தெரியுமா? எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ். வியாபாரம் ஓடவில்லை, சில மாதங்களில் கைமாறிவிட்டது. ஐரிஷ் சினிமாவின் பிற்காலத்துக்கு அது நல்ல சகுனம் இல்லைதான்.

சுதந்திரம் கிடைத்த உடனே, 1923-லேயே, புதிய அரசு சினிமா தணிக்கைச் சட்டம் கொண்டுவந்தது. விவாகரத்து, கள்ளக்காதல், கருத்தடை, மதத்தைக் கேள்வி கேட்பது எல்லாவற்றுக்கும் கத்தரி. 'காசாப்ளாங்கா' படத்தைக்கூட உலகப்போர் நேரத்தில் நடுநிலைமையைக் காரணம் காட்டித் தடை செய்தார்கள். போர் முடிந்ததும் விட்டார்கள், ஆனால் காதல் வசனங்களை வெட்டிவிட்டு! அந்தப் படத்தில் காதலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

சொந்தத்தில் படம் எடுக்கப் பணமும் இல்லை, அமைப்பும் இல்லை. திரைப்பட வாரியம் என்று ஒன்று வந்ததே 1980களின் தொடக்கத்தில்தான். அதையும் 1987-ல் மூடி, 1993-ல் மறுபடி திறந்தார்கள். எனவே பல பத்தாண்டுகள் திரையில் தெரிந்த அயர்லாந்து, பெரும்பாலும் அடுத்தவர் எடுத்த அயர்லாந்து.

அதில் இரண்டு படங்களைக் கட்டாயம் பார்க்கலாம். ஒன்று, ராபர்ட் ஃபிளாஹெர்ட்டியின் 'மேன் ஆஃப் ஏரன்' (1934). மேற்குக் கடற்கரைக்கு அப்பால் உள்ள ஏரன் தீவுகளில் பாறைமேல் கடற்பாசியும் மண்ணும் போட்டு உருளைக்கிழங்கு விளைவிக்கும் மனிதர்கள். அலைகளைப் படம்பிடித்த விதம் இன்றைக்கும் மலைக்க வைக்கிறது. ஆனால் ஆவணப்படம் என்ற பெயரில் வந்த இதில், அப்பா, அம்மா, பையனாக வருபவர்கள் ஒரே குடும்பத்தவர் அல்ல. படத்தின் பெரிய காட்சியான சுறா வேட்டையோ அந்தத் தீவில் எப்போதோ வழக்கொழிந்து போனது. படத்துக்காகத் தீவுக்காரர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தார்கள்.

இன்னொன்று ஜான் ஃபோர்டின் 'தி குயட் மேன்' (1952). ஜான் வெய்ன், மொரீன் ஓஹாரா, மாயோ கவுன்ட்டியில் காங் என்ற கிராமம். பச்சைப் பசேலென்ற புல்வெளி, கூரை வீடு, நல்ல மனசுக் குடிகாரர்கள், கடைசியில் ஊரே கூடி வேடிக்கை பார்க்கும் குஸ்தி. ஃபோர்டின் பெற்றோர் கால்வே பகுதியிலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள். அவர் எடுத்தது அயர்லாந்தை அல்ல, அப்பா அம்மா சொல்லிச் சொல்லி மனசில் வளர்ந்த ஊரை. வெளியூரில் இருக்கும் நமக்கு இது புரியும். நம் கனவில் வரும் ஊரில் வாய்க்காலில் எப்போதும் தண்ணீர் ஓடும். பங்காளித் தகராறு இருக்காது. படம் வந்த அதே 1950களில் நிஜ அயர்லாந்திலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வேலை தேடி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் கிளம்பிப்போன ஒரு பெண்ணின் கதைதான் 'புரூக்ளின்' (2015). வீட்டு ஏக்கம் என்றால் என்ன என்று இதைவிட அமைதியாகச் சொன்ன படம் நான் பார்த்ததில்லை.

பஞ்சம்

1841 கணக்கெடுப்பில் அயர்லாந்துத் தீவின் மக்கள்தொகை சுமார் 82 லட்சம். 1851-ல் சுமார் 65 லட்சம். இடையில் வந்தது உருளைக்கிழங்குப் பயிரை அழுக வைத்த நோயும், அதைத் தொடர்ந்த பெரும்பஞ்சமும். ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறந்தார்கள், இன்னொரு 10 லட்சம் பேர் நாட்டை விட்டே போனார்கள். வடக்கையும் தெற்கையும் சேர்த்தால்கூட இன்றைய மக்கள்தொகை 1841-ன் அளவை எட்டவில்லை. உலகில் வேறு எந்த நாட்டுக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறது?

பயிர் நோய் இயற்கை. ஆனால் அந்த நேரத்திலும் தானியமும் கால்நடையும் துறைமுகங்களில் ஏற்றுமதி ஆனதும், வாடகை பாக்கிக்காகக் குடும்பங்களை வெளியேற்றி வீட்டுக் கூரையைப் பிரித்ததும் மனிதர்கள் செய்தவை. லண்டன் கருவூலத்தில் நிவாரணத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் சார்லஸ் ட்ரெவெல்யன். சந்தை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும், அரசு அதிகம் தலையிடக்கூடாது என்ற கொள்கைக்காரர். பெயர் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1859-ல் சென்னை மாகாண கவர்னராக வந்த அதே ட்ரெவெல்யன்தான். நம் பக்கத்திலிருந்து வேறொரு தொடர்பும் உண்டு. பஞ்சச் செய்தி கேட்டு முதலில் நிதி திரட்டிய ஊர்களில் ஒன்று கல்கத்தா.

இவ்வளவு பெரிய துயரத்தைப் பற்றி ஒரு முழுநீளப் பெரிய படம் வர 2018 வரை ஆனது. லான்ஸ் டேலியின் 'பிளாக் '47'. பிரிட்டிஷ் ராணுவத்தில் ஆப்கானிஸ்தானில் போரிட்டுவிட்டு ஊர் திரும்பும் ஐரிஷ்காரன், தாய் பட்டினியில் செத்ததையும் அண்ணன் தூக்கில் தொங்கியதையும் அறிகிறான். அதன்பின் பழிவாங்கல். கதை கிட்டத்தட்ட கௌபாய் படம்தான். ஆனால் சுற்றிலும் நடப்பதைக் கவனியுங்கள். மதம் மாறினால் சூப் ஊற்றும் கூடாரம், ஐரிஷ் மொழி மட்டும் தெரிந்தவனை ஆங்கிலத்தில் விசாரிக்கும் நீதிமன்றம், காவலோடு போகும் தானிய மூட்டைகள். பழிவாங்கும் நாயகன் கற்பனை, மற்றதெல்லாம் சரித்திரம்.

விடுதலை, அதன் பிறகு

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். டப்ளின் தபால் நிலையத்தைப் பிடித்துக் குடியரசு அறிவித்தார்கள். ஒரு வாரத்தில் எழுச்சி நசுக்கப்பட்டு, தலைவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 14 வருஷம் கழித்து சூர்யா சென் தன் குழுவுக்கு இந்தியக் குடியரசுப் படை என்று பெயர் வைத்து, ஈஸ்டருக்கு முந்தைய புனித வெள்ளியன்று சிட்டகாங் ஆயுதக் கிடங்கைத் தாக்கியது தற்செயல் இல்லை.

நீல் ஜோர்டனின் 'மைக்கேல் காலின்ஸ்' (1996) இந்த இடத்தில் தொடங்குகிறது. லியாம் நீசன் நடிப்பு, பிரமாதமான வேகம், வெனிஸில் தங்கச் சிங்கம். கெரில்லாப் போரை நடத்தி, 1921 டிசம்பரில் லண்டனுடன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, அடுத்த ஆகஸ்டில் சொந்த நாட்டவராலேயே 31 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டவரின் கதை. ஆனால் சில விஷயங்களில் ஜாக்கிரதை. 1920 நவம்பர் 21 அன்று குரோக் பார்க் மைதானத்தில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டது நிஜம். ஆனால் படத்தில் வருவதுபோலக் கவச வண்டி மைதானத்துக்குள் புகுந்து சுடவில்லை, உள்ளே சுட்டவர்கள் போலீஸ்காரர்கள். காலின்ஸுக்கு உளவு சொன்ன நெட் பிராய் படத்தில் சித்திரவதையில் சாகிறார். நிஜத்தில் அவர் பிழைத்து, நாட்டின் போலீஸ் ஆணையராகவே ஆனார்! டி வலேராவை வில்லன் மாதிரிக் காட்டியிருப்பது இன்றுவரை சர்ச்சை.

என்னைக் கேட்டால் அந்தக் காலத்துக்கான படம் கென் லோச்சின் 'தி விண்ட் தட் ஷேக்ஸ் தி பார்லி' (2006). கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. தலைவர்கள் யாரும் இதில் இல்லை. கார்க் கவுன்ட்டியில் இரண்டு சகோதரர்கள். லண்டன் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குக் கிளம்பிய இளம் டாக்டர் தேமியன் (கிலியன் மர்ஃபி), ரயில் நிலையத்தில் ராணுவத்தின் அட்டூழியத்தைப் பார்த்துத் திரும்பி வந்து இயக்கத்தில் சேர்கிறான். காட்டிக்கொடுத்த சிறுவனை, தான் குழந்தையிலிருந்து பார்த்த பையனை, தன் கையாலேயே சுடுகிறான். இதற்காக ஒரு தேசம் கிடைத்தால் அது இந்த விலைக்குத் தகுந்ததாக இருக்கவேண்டுமே என்ற பாரம் அவன் முகத்தைவிட்டுப் போகவே இல்லை.

இன்னொரு காட்சி முக்கியமானது. விடுதலைப் படையின் நீதிமன்றம், ஏழைக் கிழவியிடம் அநியாய வட்டி வாங்கியவனைத் தண்டிக்கிறது. அண்ணன் டெடி அவனை விடுவிக்கிறான். ஏன்? துப்பாக்கி வாங்கப் பணம் தருபவன் அவன்தான். வெள்ளைக்காரன் போவதற்கு முன்பே, போனபின் யார் ஆட்சி நடக்கும் என்பது அந்த அறையில் தெரிந்துவிடுகிறது.

உடன்படிக்கையை ஐரிஷ் நாடாளுமன்றம் 64-க்கு 57 என்ற வாக்கில் ஏற்றது. முழுக் குடியரசு இல்லை, மன்னருக்கு விசுவாசப் பிரமாணம், வடக்கில் ஆறு கவுன்ட்டிகள் தனி. 1922 ஜூனில் உள்நாட்டுப் போர். புதிய அரசு மரண தண்டனை நிறைவேற்றிய குடியரசுவாதிகள் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கில் 77 பேர். விடுதலைப் போரின்போது ஆங்கிலேயர் நிறைவேற்றியதைவிட அதிகம்! படத்தின் முடிவு இந்த எண்ணிக்கைக்குள்தான் இருக்கிறது. அதைச் சொல்லமாட்டேன், பாருங்கள்.

இதே போரை மறைமுகமாகச் சொல்வது மார்ட்டின் மெக்டோனாவின் 'தி பான்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்' (2022). 1923, ஒரு கற்பனைத் தீவு. ஒருநாள் காலை ஒருவன் தன் உயிர் நண்பனிடம் "இனி உன்னோடு பேசமாட்டேன்" என்கிறான். காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீருக்கு அப்பால் பீரங்கிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கொஞ்சம் இந்தப் பக்கம்

சண்டிகரிலிருந்து சிம்லா போகும் வழியில், சோலனுக்கு முன்னால், தக்‌ஷாய் என்ற சின்னக் கண்டோன்மென்ட் இருக்கிறது. 1920 ஜூனில் ஜலந்தரில் இருந்த கனாட் ரேஞ்சர்ஸ் என்ற ஐரிஷ் படைப்பிரிவினர், சொந்த ஊரில் பிரிட்டிஷ் படைகள் செய்யும் கொடுமைகளைக் கேள்விப்பட்டு, இனி வேலை செய்யமாட்டோம் என்று மறுத்தார்கள். சோலனில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆயுதக் கிடங்கை நோக்கிப் போனபோது இருவர் சுடப்பட்டு இறந்தார்கள். அங்கே முன்னின்ற ஜேம்ஸ் டேலி என்ற 20 வயதுச் சிப்பாயை 1920 நவம்பர் 2 அன்று தக்‌ஷாய் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். அவர் உடல் 1970-ல்தான் அயர்லாந்து போய்ச் சேர்ந்தது. அந்தச் சிறை இப்போது அருங்காட்சியகம்.

கதை ஒருபக்கமாகப் போய்விடக் கூடாது என்பதற்காக இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜாலியன்வாலா பாக் நடந்தபோது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்து டயரை ஆதரித்த மைக்கேல் ஓ'ட்வையரும் அயர்லாந்தின் டிப்பரரியில் பிறந்தவர்தான்.

மூடிய கதவுகளுக்குப் பின்னால்

எதிரியின் கொடுமையைப் படமெடுப்பது ஓரளவு சுலபம், ஊரே கைதட்டும். சொந்தச் சகோதரர்கள் சுட்டுக்கொண்டதை எடுப்பது அதைவிடக் கடினம். சொந்த ஊர், சொந்தக் குடும்பம், சொந்தக் கோயில் சேர்ந்து செய்ததை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

அந்த முயற்சியின் முன்னோடி பீட்டர் லெனன் எடுத்த 'ராக்கி ரோடு டு டப்ளின்' (1967). ஒளிப்பதிவு, கோதாரின் படங்களைப் பிடித்த அதே ராவுல் கூத்தார். ஜெயித்த புரட்சியை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள் என்று கேட்கும் ஆவணப்படம். பாவங்களின் பட்டியலை மனப்பாடமாக ஒப்பிக்கும் பள்ளிச் சிறுவர்கள், தடைசெய்யப்பட்ட எழுத்தாளர்களின் பட்டியல். ஆஸ்பத்திரியில் பாட்டுப்பாடும், பிரம்மச்சரியத்தின் பெருமை பேசும் ஜாலியான பாதிரியார் மைக்கேல் கிளியரி. (வீட்டு வேலைக்கு இருந்த பெண் மூலம் அவருக்குக் குழந்தைகள் இருந்தது, 1993-ல் அவர் இறந்தபின் வெளியே வந்தது.) படத்தை அரசு தடைசெய்யவில்லை. அதற்கு அவசியமே இருக்கவில்லை, திரையிட ஏறக்குறைய யாரும் முன்வரவில்லை. 2000களில் செப்பனிட்ட பிறகுதான் சொந்த நாட்டில் பரவலாகப் பார்த்தார்கள்.

அடுத்தது பீட்டர் முல்லனின் 'தி மேக்டலின் சிஸ்டர்ஸ்' (2002). கதை 1964-ல். கல்யாண வீட்டில் உறவினனால் பலாத்காரம் செய்யப்பட்ட ஒரு பெண். மணமாகாமல் குழந்தை பெற்ற ஒரு பெண். எந்தத் தவறும் செய்யாமல், அழகாக இருப்பதாலேயே ஆபத்து என்று கருதப்பட்ட அநாதைப் பெண். மூவரையும் கன்னியாஸ்திரீகள் நடத்தும் சலவைக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். சம்பளம் இல்லை, விடுதலைத் தேதி இல்லை. தண்டனை பெற்ற கைதிக்காவது தேதி உண்டு. கல்யாண வீட்டுக் காட்சியைக் கவனியுங்கள். பாட்டுச் சத்தத்தில் வசனம் ஒன்றும் கேட்காது. ஒருவர் காதில் ஒருவர் சொல்ல, ஆண்கள் பார்வை பரிமாறிக்கொள்ள, பாதிக்கப்பட்டவளின் விதி அங்கேயே எழுதப்பட்டுவிடும்.

மிகைப்படுத்தல் என்று வாடிகன் பத்திரிகை கண்டித்தது. நிஜம் என்ன? 1993-ல் டப்ளினில் ஒரு மடம் நிலத்தை விற்றபோது, அங்கே புதைக்கப்பட்டிருந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களின் உடல்களைத் தோண்டி எடுத்தார்கள். பலருடைய இறப்பு பதிவே செய்யப்படவில்லை. கடைசி மேக்டலின் சலவைக்கூடம் மூடப்பட்டது 1996-ல். நாம் கல்லூரியில் இன்டர்நெட் சென்டர் தேடி அலைந்த காலம்! 2013-ல் அரசு விசாரணை அறிக்கை, 1922 முதல் ஏறக்குறைய 10,000 பெண்கள் அங்கே இருந்ததாகவும், அவர்களை அனுப்பியதில் அரசுக்கும் பங்கு உண்டு என்றும் சொன்னது. அதே பிப்ரவரியில் பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

இதையே இன்னொரு பக்கத்திலிருந்து பார்ப்பது 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' (2024). கிளேர் கீகனின் நாவல். 1985, கிறிஸ்துமஸ் நேரம். நிலக்கரி விற்கும் ஐந்து பெண் குழந்தைகளின் தகப்பன், மடத்தின் கொட்டகையில் பூட்டப்பட்ட ஒரு பெண்ணைப் பார்த்துவிடுகிறான். வாயைத் திறந்தால் வியாபாரம் போகும், மகள்களுக்குப் பள்ளியில் இடம் கிடைக்காது. ஊருக்கே தெரியும், ஊரே பேசாது. முதல் படம் குற்றவாளிகளைக் காட்டியது. இது தெரிந்தும் வேலைக்குப் போய்வந்த நல்ல மனிதர்களை, அதாவது நம்மைப் போன்றவர்களைக் காட்டுகிறது.

வடக்கு

வடக்கு அயர்லாந்து பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே மூன்று மட்டும்.

ஜிம் ஷெரிடனின் 'இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்' (1993): 1974 கில்ட்ஃபோர்டு குண்டுவெடிப்பில் பொய் வழக்கில் சிக்கி 15 வருஷம் சிறையில் இருந்த ஜெரி கான்லனின் கதை. அப்பா ஜூசெப்பேயையும் தொடர்புடைய வழக்கில் பிடித்தார்கள், 1980-ல் கைதியாகவே இறந்தார். படத்தில் அப்பாவும் பிள்ளையும் ஒரே அறையில் இருப்பார்கள், நிஜத்தில் அப்படி இல்லை. ஆனால் அந்தப் பொய்தான் படத்தின் உயிர்.

பால் கிரீன்கிராஸின் 'பிளடி சண்டே' (2002): 1972 ஜனவரி 30, டெர்ரி நகரம், உரிமைப் பேரணி, ராணுவத் துப்பாக்கிச்சூடு. அன்று 13 பேர் இறந்தார்கள், இன்னொருவர் பிறகு. உடனே நடந்த விசாரணை ராணுவத்தைப் பெரும்பாலும் காப்பாற்றியது. சுடப்பட்டவர்களால் யாருக்கும் ஆபத்து இருக்கவில்லை என்று சேவில் விசாரணை சொல்லி, பிரதமர் கேமரன் மன்னிப்புக் கேட்க 2010 ஆனது. 38 வருஷம்! படம் அதற்கு எட்டு வருஷம் முன்பே அதைச் சொல்லிவிட்டது.

ஸ்டீவ் மெக்குவீனின் 'ஹங்கர்' (2008): 1981-ல் 66 நாள் உண்ணாவிரதம் இருந்து இறந்த பாபி சாண்ட்ஸ். பாதிரியாரும் அவரும் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சி, 17 நிமிடம் கேமரா அசையாது. சாவதற்கு உனக்கு உரிமை உண்டா என்பதுதான் விவாதம். நமக்கு இது அந்நியம் இல்லை. 1920-ல் கார்க் மேயர் டெரன்ஸ் மெக்ஸ்வினி 74 நாள் பட்டினியில் உயிர்விட்டார். 1929-ல் லாகூர் சிறையில் ஜதீன் தாஸ் 63 நாளில் இறந்தபோது, மெக்ஸ்வினி குடும்பத்திலிருந்து இரங்கல் தந்தி வந்தது.

மொழி

கடைசியாக, இவ்வளவையும் பார்த்தபின் பார்க்கவேண்டிய படம். காலம் பெய்ராட்டின் 'அன் கலீன் கியூன்' (2022), அதாவது அமைதியான பெண். ஆஸ்கரில் சர்வதேசப் படப் பிரிவின் இறுதிப் பட்டியலுக்குப் போன முதல் ஐரிஷ் மொழிப் படம். 1981, கோடைக்காலம். வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத ஒன்பது வயதுச் சிறுமியைத் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் விடுகிறார்கள். அவர்கள் அவளைக் குளிப்பாட்டி, தலைவாரி, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

இந்தப் படத்தை அயர்லாந்திலேயே பெரும்பாலோர் ஆங்கில சப்டைட்டில் வைத்துத்தான் பார்த்தார்கள். 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 18.7 லட்சம். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72,000 பேர். அரசியல் சாசனத்தில் முதல் ஆட்சிமொழி, கட்டாயப் பாடம், தெருப் பலகை எல்லாம் இருந்தும் இந்த நிலை. வீட்டுக்குள் பேச்சு நின்றுபோனால் பலகை காப்பாற்றாது. பிள்ளைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பதில் சொல்லும் வீடுகளில் இருக்கும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி நடைமுறை. குடும்பத்தோடு பார்க்க 'தி குயட் மேன்', 'புரூக்ளின்', 'அன் கலீன் கியூன்'. குழந்தைகளுக்கு டாம் மூரின் அனிமேஷன் படம் 'சாங் ஆஃப் தி சீ' (2014). 'ஹங்கர்', 'மேக்டலின் சிஸ்டர்ஸ்' இரண்டையும் தனியாக, மறுநாள் விடுமுறை இருக்கும்போது பாருங்கள். ஒன்றே ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் 'தி விண்ட் தட் ஷேக்ஸ் தி பார்லி'. பார்த்துவிட்டு, அண்ணன் தம்பி இருவரில் யார் பக்கம் நியாயம் என்று தோன்றியதோ சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.